தரம் எட்டுப் பிள்ளைக்குக் காதல் கதை கொடுக்கலாமா?

பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, பாடசாலை நூலகத்தை நீண்ட காலம் கவனித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கொட்டகலையிலிருந்து பதில் எழுதுகிறார்.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு 13 வயது. தரம் எட்டில் படிக்கிறாள். அவள் தலையணைக்குக் கீழே கொப்பி உறை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. உறையைப் பிரித்தால் மாத நாவல், அட்டையில் மணப்பெண் படம். வீட்டுக்காரர் அதைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்கிறார். நான் கொழுந்து எடுக்கிறவள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளை அடிப்பதா, விடுவதா?
- ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அடிக்க வேண்டாம், அம்மா. அடுப்பிலும் போட வேண்டாம். அந்தப் புத்தகம் அவளுடையதாகவே இருக்காது. வகுப்பில் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு என்று கைமாறி வந்திருக்கும். எரித்துவிட்டால் அவள் யாரிடமோ பொய் சொல்ல வேண்டிவரும். அடுத்த புத்தகத்தை உங்கள் கண்ணில் படவே விடமாட்டாள்.

இந்த வயதில் காதல் கதை மேல் ஆசை வருவதில் தவறொன்றும் இல்லை. நம் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறோமே. தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மதனோடு ரதி தர்க்கம் செய்வதை விடியவிடிய இருந்து பார்க்கிறோம். மதன் எரிந்துபோன பிறகு ரதி அழும்போது கூட்டமே சேர்ந்து அழுகிறது. காதல், பிரிவு, பிடிவாதம், இழப்பு எல்லாவற்றையும் உங்கள் மகள் ஏற்கெனவே ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தவள்தான். இப்போது அதையே தனியாக வாசிக்க விரும்புகிறாள். லயத்துக் காம்பராவில் ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக இருக்க எங்கே இடம்? ஒரே அறையில் அப்பா, அம்மா, தம்பி, தொலைக்காட்சி எல்லாம் இருக்கும்போது, அவளுக்கென்று இருப்பது விரித்துவைத்த இரண்டு பக்கங்கள்தான். அவள் அதை ஒளித்து வைத்தது உங்களை ஏமாற்றுவதற்காக என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் அந்தப் புத்தகம் அவளுக்கு ஏற்றதா என்ற உங்கள் கவலை சரியானது. மாத நாவல்கள் திருமணமான, வளர்ந்த பெண்களுக்காக எழுதப்படுகின்றன. அவற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாயகன் 30 வயதுப் பணக்காரன். நாயகிக்கு 19. அவள் எதிர்த்து ஏதோ பேசிவிடுகிறாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான். கண்ணாடி வளையல் உடைந்து தோலில் குத்தி இரத்தம் வருகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவனே மருந்து பூசிவிடுகிறான். அவளும் கண்கலங்கி, இவ்வளவு அன்பை உள்ளே வைத்துக்கொண்டா கோபப்பட்டார் என்று நெகிழ்ந்து போகிறாள். அந்த நாவல் முழுவதும் தேடினாலும் ஒரு முத்தக் காட்சி இருக்காது. புரட்டிப் பார்க்கிறவர்கள் சுத்தமான குடும்பக் கதை என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு முத்தத்தைவிட அந்த உடைந்த வளையல்தான் பயம் தருகிறது. உங்களைப் போன்ற ஒரு பெண் அதை வாசித்தால், வாழ்க்கையில் கண்ட ஆண்களை அவன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, இவன் கையை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு மூடிவைப்பாள். 13 வயதில் அப்படி நிறுத்திப் பார்க்க ஒருவரும் இல்லை. அன்புள்ளவன் கையை முறுக்குவான் என்று அவள் மனத்தில் பதிந்துவிடும்.

எழுத்துக்கூட்டி வாசிப்பது இதற்குத் தடையே இல்லை. மாலையில் ரொட்டிக்கு மா பிசையும்போது, "அந்தப் புத்தகத்தில் என்ன கதை? எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். உங்கள் கை வேலையில் இருக்கட்டும். அப்போதுதான் கூச்சம் இல்லாமல் சொல்வாள். முதல் நாள் மழுப்புவாள், இரண்டாம் நாள் சொல்லத் தொடங்குவாள். இடையில் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். அவனுக்கு என்ன வயது? அவள் வேண்டாம் என்று சொன்னபோது அவன் என்ன செய்தான்? அவள் சொல்கிற பதிலிலேயே அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கையை முறுக்கினான் என்றால், "உன் அப்பா என் கையை இப்படி முறுக்கினால் நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசிப்பாள். அந்த யோசனை வந்துவிட்டால் மீதிப் பக்கங்களை வாசித்தாலும் கெட்டுப்போக மாட்டாள்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு புத்தகத்தைப் பறித்தால் அந்தக் கையாலேயே இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். எப்படிப்பட்டதைக் கொடுப்பது என்று அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன். அதை அவளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி நிறைய நாவல்கள் அனுப்பியிருக்கிறார். மாத நாவல்கள், மொழிபெயர்ப்புகள், சில ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. முக்கால்வாசி காதல் கதைகள். தரம் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள பிள்ளைகளுக்கான அலுமாரியில் எவற்றை வைப்பது? எல்லாவற்றையும் முழுதாக வாசிக்க எனக்கு நேரமில்லை.
- தமிழாசிரியை, பதுளை மாவட்டம்

பதில்: டீச்சர், முழுதாக வாசிக்காமலே பாதிப் பெட்டியைப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு நாவலிலும் இருவரும் முதலில் சந்திக்கும் இடம், அவர்கள் சண்டை போடும் இடம், கடைசி அத்தியாயம் ஆகிய மூன்றை மட்டும் வாசியுங்கள். சந்திப்பில் வயதும் வசதியும் தெரியும். சண்டையில் குணம் தெரியும். முடிவில் எழுத்தாளர் எதற்குப் பரிசு கொடுக்கிறார் என்பது தெரியும். அவமானப்படுத்தியவனுக்கே அவள் கழுத்தை நீட்டினால், அந்தப் புத்தகம் இந்த அலுமாரிக்கு உரியதல்ல.

வயதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்த பாத்திரங்களைப் பற்றி வாசிக்கவே விரும்புவார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 13, 14 வயதுப் பாத்திரங்கள் பொருந்தும். அந்தக் கதைகளில் காதல் என்பது ஒரு பார்வை, தடுமாறி எழுதிய ஒரு கடிதம், மழையில் ஒரே குடையில் நடந்த சங்கடம் என்ற அளவில் நிற்கும். தரம் ஏழுப் பிள்ளையின் மனத்தில் நடப்பதும் அவ்வளவுதான். நாயகிக்கு 20 வயதாகி, பேச்செல்லாம் கல்யாணமும் சொத்துமாக இருந்தால், அது கெட்ட கதையாக இல்லாவிட்டாலும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு வாசிக்க வேண்டியது.

ஆங்கிலப் பதிப்பகங்கள் இதைப் பிரித்தே வைத்திருக்கின்றன. ‘மிடில் கிரேட்’ என்பது ஏறத்தாழ 8 முதல் 12 வயது வரை. ‘யங் அடல்ட்’ என்பது 12 முதல் 18 வரை. முதல் வகையில் காதல் பெரும்பாலும் கைகோர்ப்பதோடு நின்றுவிடும், மிஞ்சினால் ஒரு முத்தம். இரண்டாவது வகையில் 12 வயதுக்கு ஏற்றதும் இருக்கும், 17 வயதுக்கே உரியதும் இருக்கும். எனவே அந்தப் பெயரைக் கண்டவுடன் நம்பி அலுமாரியில் வைத்துவிடாதீர்கள், வாசித்துப் பாருங்கள். சிங்களத்திலும் இளையோர் நாவல் என்ற தனிப் பிரிவு வளர்ந்திருக்கிறது. சிங்களம் வாசிக்கும் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அந்த வழியையும் காட்டுங்கள். தமிழில் இந்த இடைப்பட்ட வயதுக்கு எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. சிங்கமும் முயலும் பேசும் கதையை மூடிவைத்த பிள்ளை அடுத்துக் கையில் எடுப்பது கல்யாண நாவலாக இருக்கிறது. இது எனக்குத் தீராத மனக்குறை. எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எட்டாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு நல்ல காதல் கதை எழுதுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

யோசிக்காமல் ஒதுக்க வேண்டியவை சில உண்டு. ஆசிரியருக்கும் மாணவிக்கும் காதல் வரும் கதை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பாடசாலை அலுமாரியில் இருக்கக் கூடாது. கடத்திக்கொண்டுபோய்த் தாலி கட்டிய பிறகு காதல் மலரும் கதையும் அப்படித்தான். காதலை நிரூபிக்க நஞ்சு குடிப்பதை வீரமாகக் காட்டும் கதை மூன்றாவது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகே அது பெருமளவு குறைந்தது. மருந்தடிக்கும் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட கதையைத் துணையில்லாமல் கொடுக்க எனக்கு மனம் வராது.

வைக்க வேண்டியவற்றை அடையாளம் காண்பதும் கடினமல்ல. நாயகிக்குக் காதலைத் தவிர வேறு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சை, தங்கையின் நோய், தோழியோடு வந்த மனஸ்தாபம், வலைப்பந்தாட்டப் போட்டி என்று ஏதாவது ஒன்று கதையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவனும் அவளும் ஒருவரையொருவர் சிரிக்கவைக்க வேண்டும். ஒருவர் தவறு செய்தால் வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இருவரும் சேராமலே கதை முடிந்தாலும் நல்லதே. முதல் விருப்பம் கைகூடாமல் போனாலும் மறுநாள் எழுந்து பாடசாலைக்குப் போகலாம் என்று ஒரு பிள்ளை கதையில் வாசித்திருந்தால், தனக்கு அது நேரும்போது தாங்கிக்கொள்வாள்.

நம் மண்ணின் கதைகளையும் சேருங்கள். கொழுந்து மடுவத்திலும் நிரையிலும் தொடங்கிய காதலை மலையகச் சிறுகதையாசிரியர்கள் மிகுந்த அடக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். அச்சில் இல்லாத பழைய தொகுப்புகளை நூலக நிறுவனத்தின் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். 2005 முதல் ஈழத்து, மலையக எழுத்துகளை அங்கே சேர்த்து வருகிறார்கள். பொருத்தமான ஒரு கதையைப் பிரதியெடுத்து வகுப்பில் வாசித்துப் பேசுங்கள். ‘கதாநாயகன் கணக்கப்பிள்ளையாக இருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்குமா?’ என்று கேட்டால், தரம் ஒன்பதுப் பிள்ளைகள் நாம் எதிர்பார்க்காத பதில்களைச் சொல்வார்கள். யாருக்கு யார் மேல் அதிகாரம் இருக்கிறது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தப் புத்தகங்களைத் தனித் தட்டில் வைத்துக் ‘காதல்’ என்று எழுதி ஒட்டாதீர்கள். எடுக்கிற பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்கள். மற்ற நாவல்களோடு கலந்து வையுங்கள். ஒவ்வொன்றையும் ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதிவைத்தால், அதிபரோ பெற்றோரோ கேட்கும் நாளில் உதவும்.

கேள்வி: டீச்சர், என் பெயரைப் போட வேண்டாம். நான் தரம் ஒன்பது. நான் வாசித்த கதையில் ஒருவன் தினமும் பஸ் தரிப்பிடத்தில் காத்திருப்பான். அவள் திட்டினாலும் போகமாட்டான். கடைசியில் அவள் சம்மதித்து விடுவாள். எங்கள் தரிப்பிடத்திலும் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணா அப்படித்தான் நிற்கிறார். அவருக்கு 22 வயது. நான் அதிர்ஷ்டசாலி என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கதையில் அவளுக்கு வந்த சந்தோஷம் எனக்கு ஏன் வரவில்லை?
- தலவாக்கலை

பதில்: மகளே, உனக்கு வந்த பயம் சரியான பயம். உன்னிடம் எந்தக் குறையும் இல்லை.

கதையில் அவன் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தாளர் நமக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவன் நல்லவன், அவளுக்கு ஒரு தீங்கும் செய்யமாட்டான் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் பயமில்லாமல் வாசிக்கிறோம். தலவாக்கலைத் தரிப்பிடத்தில் நிற்கிறவரின் மனத்தைத் திறந்து காட்ட ஒருவரும் இல்லை. உனக்குத் தெரிவதெல்லாம், நீ விரும்பவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் நிற்கிறார் என்பது மட்டும்தான். விரும்பாத பிள்ளைக்குப் பின்னால் வருவதைக் கதை காதல் என்று சொன்னாலும் நீ அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எழுத்தாளர் மீது எனக்குக் கோபம்தான். அவள் திட்டிய முதல் நாளே அவன் திரும்பிப் போயிருந்தால் கதை அப்போதே முடிந்துவிடும். பக்கங்களை நிரப்பவே அவனை அங்கே நிறுத்திவைக்கிறார்கள். இனிமேல் அப்படி ஒரு கதையை வாசித்தால், அவளுடைய இடத்தில் உன் தங்கையை வைத்துப் பார்.

இன்றைக்கே அம்மாவிடம் சொல். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வகுப்பாசிரியையிடம் சொல். தரிப்பிடத்துக்குத் தனியாகப் போகாதே. அவருடைய ஆட்டோவில் மழை என்றாலும் ஏறாதே, அவர் தரும் தொலைபேசியையோ மீள்நிரப்பு அட்டையையோ வாங்காதே. வீட்டில் யாரும் காது கொடுக்காவிட்டால் 1929 என்ற எண்ணுக்கு எடு. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். நம் நாட்டுச் சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையுடன் உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், குற்றம். பதிவுத் திருமணத்துக்கு 18 வயதாக வேண்டும். இதை உன் தோழிகளுக்கும் சொல். அதிர்ஷ்டம் என்று சொன்ன பிள்ளைகளோடு கோபித்துக்கொள்ளாதே. அவர்களும் அதே கதைகளைத்தான் வாசித்திருப்பார்கள்.

வாசிப்பதை மட்டும் நிறுத்திவிடாதே, மகளே. கதையில் வந்த சந்தோஷம் ஏன் தனக்கு வரவில்லை என்று கேட்கத் தெரிந்த உனக்கு, எந்தக் கதையையும் உரசிப் பார்க்கத் தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. காதல் வரும் கதைகளை விரும்பி வாசிக்கிறான். ஆண்பிள்ளைக்கு இது தேவையா?
- ஒரு தந்தை, கண்டி

பதில்: கட்டாயம் தேவை, ஐயா. ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, அவள் மறுத்தால் எப்படி மரியாதையாக விலகுவது என்று அவன் வேறு எங்கே கற்றுக்கொள்வான்? சினிமாவில் பின்தொடர்கிறார்கள், வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் வயதுப் பையன் ஒருவன் கூச்சப்பட்டு, உளறி, மன்னிப்புக் கேட்கும் கதை கிடைத்தால் தேடிக் கொடுங்கள். அவனைக் கேலி மட்டும் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பேத்தி என்னோடு இருக்கிறாள், தரம் ஏழு. தாய் அனுப்பிய கைத்தொலைபேசியில் இரவெல்லாம் ஏதோ தொடர்கதை வாசிக்கிறாள். காதல் கதை என்று சொல்கிறாள். எனக்குப் படிப்பறிவு இல்லை. இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எழுதுகிறது.
- ஓர் அம்மாயி, பொகவந்தலாவை

பதில்: அம்மா, அச்சுப் புத்தகத்தையாவது ஒரு பதிப்பாளர் பார்த்திருப்பார். பிரதிலிபி, வாட்பேட் போன்ற செயலிகளில் எழுதுகிறவர்களே நேரடியாகக் கதையைப் போட்டுவிடலாம். நன்றாக எழுதுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் வளர்ந்தவர்களுக்கான கதையும் பேத்திக்கான கதையும் அடுத்தடுத்து வந்து நிற்கும். வாட்பேட்டில் கணக்குத் தொடங்கவே 13 வயதாக வேண்டும் என்று விதி உண்டு. உங்கள் பேத்திக்கு இன்னும் அந்த வயது வந்திருக்காது. வளர்ந்தவர்களுக்கு உரியது என்ற குறிப்பைக் கதை எழுதுகிறவரே போட வேண்டும், எல்லாரும் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு பதற்றத்தில் முடிவதால் பிள்ளையால் வைத்துவிட்டுத் தூங்கவும் முடிவதில்லை.

தொலைபேசியைப் பறித்தால் தாயோடு பேசும் வழியும் அடைபட்டுவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசி உங்கள் பெட்டியில் இருக்கட்டும். கதையை மாலையில் உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பாட்டிக்கு முன்னால் வாசிக்க நா எழாத பகுதி வந்தால், அது தனக்கு உரியதல்ல என்று அவளுக்கே தெரியும். அவள் வாசித்து முடித்ததும், நீங்கள் இள வயதில் மலையில் பாடிய மாமன் மகன் பாட்டுகளில் இரண்டைப் பாடிக் காட்டுங்கள். பேத்தி அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். படிப்பறிவு இல்லாத உங்களிடம்தான் அவளுக்குத் தேவையான காதல் கதைகள் இருக்கின்றன.

உங்கள் மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதே தொடர்கதையை அவரும் தன் தொலைபேசியில் வாசிக்கலாம். விடுமுறை நாளில் அழைக்கும்போது, சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டு முடித்த பிறகு பேச இருவருக்கும் ஒரு கதை இருக்கும். "அவன் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு?" என்று தாய் கேட்டால் பிள்ளை பதில் சொல்வாள். தான் வாசிக்கத் தொடங்கியிருப்பதைப் பேத்தியிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் வேறு செயலிக்குப் போய்விடுவாள்.